எங்கிருந்து எண்ணுவது?

பரம்பரை வியாதிகளைக் கண்டறியும் பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுப்பவர், அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பவர், பிரித்ததை யந்திரத்தில் இட்டு அதன் எழுத்து வரிசையை வாசிப்பவர் என்று பலருடைய உழைப்பும் சேர்ந்து கடைசியில் ஒரே ஒரு வரியாக முடிகிறது. இன்ன மரபணுவில், இன்ன இடத்தில், இன்ன எழுத்துக்குப் பதிலாக இன்ன எழுத்து இருக்கிறது என்று ரிப்போர்ட்டின் நடுவே அச்சாகும் அந்த ஒரு வரியை எழுதுவதும், பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதுமே நெடுங்காலமாக என் ஜீவனோபாயம். வாசிப்பதுதான் கடினம், வாசித்ததை எழுதி வைப்பதில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் வாசிக்கும் வேலை வருஷத்துக்கு வருஷம் சுலபமாகிக்கொண்டே வந்திருக்க, எழுதி வைக்கும் வேலைதான், அதை அலட்சியமாகச் செய்தால் ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறைகளைத் திசை தப்பச் செய்துவிடக்கூடியதாக, அன்றிருந்த அதே பொறுப்போடு இன்றும் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நான் குடியிருப்பது பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில். 1809இல் ஆங்கிலேயர் இந்த ஊரில் தண்டு அமைத்த பிறகு அதன் பின்னே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சந்ததியார் இந்தப் பக்கத்தில் இன்னும் நெருங்கி வாழ்கிறார்கள். வேலூரிலும் கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும் உள்ள உறவினரோடு அவர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை இன்னும் அறுந்துபோகவில்லை. மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணப்பது இங்கே அபூர்வமல்ல. தாய், தந்தை இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்து இருவரிடமிருந்தும் அது குழந்தைக்கு வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் வியாதிகளுக்கு இத்தகைய குடும்பங்களில் இடம் அதிகம் என்பதால், என் தொழில் இன்னதென்று தெரிந்துகொண்ட அக்கம்பக்கத்தார் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. கணவனுடையது ஓர் ஊரில் எடுத்தது, மனைவியுடையது வேறோர் ஊரில் எடுத்தது, இறந்துபோன முதல் குழந்தையினுடையது பத்து வருஷத்துக்கு முந்தியது. மூன்றிலும் மாற்றத்துக்கு மூன்று விதமான பெயர்கள்.

எங்கள் தெருக்களில் பல வாசல்களில் பழைய எண், புது எண் என்று இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். 27 என்று மட்டும் விலாசமிட்ட கடிதம் வந்தால், எழுதியவர் எந்த வரிசையின்படி 27 என்றார் என்பது தெரியாமல் அதை எந்த வீட்டில் போடுவதென்று சொல்ல முடியாது. மரபணுவில் ஓர் எழுத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் எண்ணும் இப்படித்தான்: எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பதையும் கூடவே எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறை இது. புரதமாக மாறும் பகுதி ஏ-டி-ஜி என்ற மூன்றெழுத்தில் தொடங்குகிறது. அதிலுள்ள ஏ என்பதே முதலாம் எழுத்து. பூஜ்யம் என்ற எண் கிடையாது; ஏ-க்கு முந்தைய எழுத்து கழித்தல் ஒன்று. நிறுத்தக் குறியைக் கடந்துவிட்ட எழுத்துகளுக்கு நட்சத்திரம் இட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எண்ணுக்கு முன்னால் 'சி' என்று போட்டுப் புள்ளி வைத்தால் இந்தக் கணக்கு; 'ஜி' என்றால் குரோமோசோமின் கணக்கு; 'பி' என்றால் புரதத்தின் கணக்கு. இவற்றுக்கெல்லாம் முன்னால், எந்த ஆதார வரிசையின்மேல் எண்ணினோம் என்பதைப் பதிப்பு எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும். பீட்டா குளோபின் மரபணுவுக்கு அது என்.எம்._000518.5. கடைசியிலுள்ள அந்த ஐந்து பதிப்பைக் குறிப்பது. அதை விட்டுவிடும் பழக்கம் எத்தனையோ கூடங்களில் இன்னும் இருக்கிறது. அரிவாள் அணுச் சோகைக்குக் காரணமான மாற்றம் இந்தக் கணக்கில் 20ஆம் எழுத்தான ஏ, டி ஆவது. அந்த மரபணு குரோமோசோமின் எதிர் இழையிலிருந்து வாசிக்கப்படுவதால், 11ஆம் குரோமோசோமின் கணக்கில் அதுவே டி என்பது ஏ ஆவதாகத் தோன்றும். இடமோ மனித மரபணுத் தொகுதியின், 2013இல் வெளிவந்த 38ஆம் கட்டமைப்பின்படி 52,27,002. அதற்கு முந்தைய 37ஆம் கட்டமைப்பின்படி 52,48,232. ஓர் எழுத்து, ஒரு மாற்றம். ஆனால் எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விட்டால் அது பல மாற்றங்களாகப் பெருகிவிடும்.

குழப்பம் யாருடைய அசிரத்தையாலும் வந்ததல்ல; சாஸ்திரம் வளர்ந்த வரிசையே அதற்குக் காரணம். வெர்னான் இங்கிராம் கேம்பிரிட்ஜில் 1957இல் அரிவாள் அணு ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்திலிருந்த குளூட்டாமிக் அமிலம் வாலின் ஆகியிருப்பதை நிரூபித்தபோது, மரபணுவின் எழுத்துகளை எவரும் வாசித்திருக்கவில்லை. இரத்தத்தில் கிடைத்த புரதம் ஒன்றுதான் அவர் கையிலிருந்த வஸ்து. நம் பக்கத்திலோ அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1952இல், லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுக்கள் இருப்பதைக் கண்டு எழுதிவிட்டார்கள். பீட்டா குளோபின் மரபணுவின் முழு எழுத்து வரிசை வெளிவந்தது 1980இல்தான். மரபணுவிலிருந்தே எண்ணத் தொடங்கியபோது, அது உண்டாக்கும் சங்கிலியின் தலையில் மெதியோனின் என்ற ஓர் அமினோ அமிலம் இருப்பதும், அது பிற்பாடு வெட்டப்பட்டுவிடுவதால் இரத்தத்திலுள்ள புரதத்தில் காணப்படுவதில்லை என்பதும் கணக்கில் வந்து சேர்ந்தன. மெதியோனினையும் சேர்த்து எண்ணினால் ஆறாவது ஏழாவதாகிறது. ஹீமோகுளோபின் ஈ-யின் 26ஆம் இடம் 27ஆம் இடமாகிறது. ஒன்றே ஒன்று கூடுவதுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒன்று கூடியதா, கூடாததா என்று தெரியாத நிலையில் கையிலிருக்கும் எண்ணை வைத்து என்ன செய்ய முடியும்?

தலசீமியாவில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகச் சாதாரணமாகக் காணப்படும் காரணம், அந்த மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்தான ஜி, சி ஆகிவிடுவது. இன்ட்ரான் என்பது புரதத்துக்கான செய்தி ஏதுமில்லாமல் நடுவில் கிடக்கும் பகுதி. செய்தியைத் தொகுக்கும்போது அதை வெட்டியெறிந்துவிட்டு இருபுறத்தையும் ஒட்டவேண்டும். வெட்டும் இடத்தின் அடையாளம் இந்த மாற்றத்தால் மங்கிப்போவதால் வெட்டு தப்பான இடத்தில் விழுகிறது. நல்ல பீட்டா சங்கிலி மிகச் சொற்பமாகவே உண்டாகிறது. இதை அந்நாளில் ஐ.வி.எஸ். 1 என்று எழுதி, ஒரு சிறு கோடு போட்டு, 5 என்று எழுதினார்கள். அந்தக் கோடு வெறும் பிரிப்புக் கோடு. இன்றைய முறையிலோ இன்ட்ரானுக்கு முந்தைய செய்திப் பகுதியின் கடைசி எழுத்தான 92ஐப் பற்றிக்கொண்டு, அதைத் தாண்டி ஐந்து எழுத்து என்ற பொருளில் 92+5 என்று எழுதுகிறோம். அந்த இன்ட்ரானில் 130 எழுத்துகள் உண்டு. பாதியைத் தாண்டிவிட்டால் அடுத்த செய்திப் பகுதியின் முதல் எழுத்தான 93இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பது விதி. ஆகவே மத்தியதரைக்கடல் நாடுகளில் பரவலான ஐ.வி.எஸ். 1, 110 என்ற பழைய மாற்றம் இன்று 93-21 ஆகிறது. பழைய பெயரை மட்டும் அறிந்தவர் புதியதைப் பார்த்தும், புதியதை மட்டும் அறிந்தவர் பழையதைப் பார்த்தும் இரண்டும் ஒன்றே என்று ஊகிக்க வழியே இல்லை. புதிய முறையில் பழகிய ஓர் இளைஞர் பழைய ரிப்போர்ட்டிலுள்ள பிரிப்புக் கோட்டைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டாரானால், இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தைப் பார்க்கவேண்டியவர் அதன் கடைசியிலிருந்து ஐந்தாவதான 126ஆம் எழுத்தைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவார்.

ஒருநாள் மாலை எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மாள், மகளுடைய ரிப்போர்ட்டையும் மருமகனுடைய ரிப்போர்ட்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்தார். மகளுக்கு மூன்றாம் மாதம். இருவரும் தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்பதால் பதினோராவது வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து துளித் திசு எடுத்துச் சோதிக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார்.

"தம்பி, இவளுக்கு ஐ.வி.எஸ். என்று போட்டிருக்கிறது, மாப்பிள்ளைக்குத் தொண்ணூற்றிரண்டு கூட்டல் ஐந்து என்று போட்டிருக்கிறது. இரண்டும் வேறே வேறே, இரண்டுக்கும் தனித்தனியாய்ப் பார்க்கவேண்டும், நாளாகும் என்கிறார்கள். நாள் எங்கே இருக்கிறது?" என்றார்.

"இரண்டும் ஒன்றுதானம்மா. ஆனால் நான் சொல்வதை வைத்துக்கொண்டு நீங்கள் நம்பிவிடக் கூடாது. இருவருடைய இரத்தத்தையும் ஒரே இடத்தில் கொடுத்து, ஒரே கையால் மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கருவைச் சோதிக்கும் கூடம், பெற்றோரின் மாற்றங்களைத் தானே ஒரு முறை கண்ணால் கண்ட பிறகுதான் கருவில் தேடவேண்டும் என்பது இத்தொழிலில் மீறக்கூடாத நியமம். பெயர் எவ்வளவு திருத்தமாக எழுதப்பட்டிருந்தாலும் அந்த நியமத்துக்கு அது பதிலாகாது. ஆனால் பெயர் திருத்தமாக இருந்தால் அந்தக் குடும்பம் ஒரு வாரக் கலக்கத்தை அனுபவித்திருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வாரமே சில சமயங்களில் தீர்மானத்துக்கு மிஞ்சியிருக்கும் காலம் முழுதுமாக இருந்துவிடும். இரண்டு இரத்தங்களும் ஒரே கூடத்தில் வாசிக்கப்பட்டு, இரண்டிலும் அதே எழுத்து மாறியிருப்பது உறுதியாயிற்று. கருவில் அது ஒரு பிரதியில் மட்டுமே இருந்தது. அப்படிப்பட்ட குழந்தை தலசீமியாவைச் சுமக்குமே அல்லாமல் அதனால் துன்புறாது.

எண்ணின் தொடக்கம் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு நம் தமிழ்நாட்டுப் பிரயாசையிலிருந்தே ஒரு திருஷ்டாந்தம் தருகிறேன். அறுவைச் சிகிச்சைக்கு முன் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைச் சில நிமிஷங்கள் தளரவைக்கும் மருந்து ஒன்று உண்டு; ஆபரேஷன் தியேட்டர்களில் ஸ்கோலின் என்பார்கள். இரத்தத்திலுள்ள பியூட்டிரில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை விரைவில் சிதைத்துவிடும். அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவருக்குச் சில நிமிஷங்களில் திரும்பவேண்டிய சுவாசம் மணிக்கணக்கில் திரும்பாது. அதுவரை யந்திரம்தான் அவருக்காக மூச்சுவிட வேண்டும். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனோகரன், பூபதி முதலானோர் ஓக்சானா லாக்ரிட்ஜ் போன்ற வெளிநாட்டு அறிஞருடன் சேர்ந்து, வைசிய சமூகத்தாரிடம் இக்குறை அதிகமாகக் காணப்படுவதற்கான மாற்றத்தைக் கண்டறிந்து 2006இல் வெளியிட்டார்கள். 307ஆம் இடத்தில் லூசினுக்குப் பதிலாகப் புரோலின் என்பது அவர்கள் எழுதியது. அது முற்றிலும் சரி. இரத்தத்தில் ஓடும் முதிர்ந்த நொதியில் அது 307ஆவதுதான். ஆனால் அந்த நொதி உண்டாகும்போது அதன் தலையில் 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்னொட்டு இருந்து, பிறகு நீங்குகிறது. இன்றைய விதிப்படி அதையும் எண்ணவேண்டும் ஆதலால் சர்வதேசத் தொகுப்புகளில் இதே மாற்றம் 335ஆம் இடத்தில் பதிவாகியிருக்கிறது. 307 என்று தேடுகிற மயக்க மருந்து நிபுணர் ஒரு தொகுப்பில் ஒன்றும் காணாமல் திரும்பினால், எதிரே படுத்திருப்பவருக்கு அதனால் என்ன நேரும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. இந்த மாற்றம் இருப்பதாகத் தெரிந்த ஒருவருக்குச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சீட்டு எழுதித் தரும்படி என்னைக் கேட்டால், ஸ்கோலின் கூடாது என்பதை முதல் வரியில் பெரிய எழுத்தில் எழுதி, அடுத்த வரியில் 335 என்ற முறையான பெயரையும், அதனடியில் பழைய கணக்கில் 307 என்பதையும் சேர்த்தே எழுதுவேன்.

இத்தகைய தொல்லைகளைக் கண்டு மனம் பொறாதவர்கள் எங்கும் இருந்தார்கள். மெல்போர்னில் ரிச்சர்ட் காட்டன் 1992இல் 'ஹ்யூமன் மியூட்டேஷன்' என்ற பத்திரிகை தொடங்குவதில் முன்னின்று, எல்லா மரபணுக்களின் எல்லா மாற்றங்களும் ஒரே ஒழுங்கில் சேகரிக்கப்பட வேண்டும் என்பதற்காகத் தம் ஆயுளின் பிற்பகுதியையே அர்ப்பணித்தார்; 2006இல் ஹ்யூமன் வேரியோம் புராஜெக்ட் என்ற இயக்கத்தையும் தோற்றுவித்து, 2015இல் காலமானார். அந்தப் பத்திரிகையில்தான் 1993இல் போடேயும் சுயியும் பெயரிடும் முறைக்கு ஒரு யோசனை எழுதினார்கள். 1998இல் அன்டோனராகிஸ் ஒரு குழுவின் சார்பில் பரிந்துரைகளை வகுத்தார். 2000இல் லைடன் நகரத்து டென் டன்னனும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையே இன்றைய விதிகளுக்கு அஸ்திவாரமாயிற்று. 2016இல் அவை விரிவாகப் புதுப்பிக்கப்பட்டன. எச்.ஜி.வி.எஸ். முறை என்று கூடங்களில் நாங்கள் சொல்வது இதைத்தான். ஒரு சட்டசபையும் இதைச் சட்டமாக்கவில்லை. பத்திரிகைகளும் கூடங்களும் தாமாக ஏற்றுக்கொண்டதனாலேயே இது நிலைபெற்றது.

அந்த விதிகளுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது, திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளுக்கிடையே ஏதாவது நீங்கியிருந்தால் அது எப்போதும் கடைக்கோடியில் உள்ளதே நீங்கியதாகக் கொள்ளவேண்டும் என்ற விதி. அதன் அருமையை உணர்த்தியது மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.-1 மரபணு. அதில் ஓரிடத்தில் டி-டி-ஏ-ஜி-ஏ-ஜி-டி-ஜி-டி என்று எழுத்துகள் வருகின்றன. நடுவிலுள்ள இரண்டு ஏ-ஜி-களில் ஒன்று காணாமற்போனால், போனது முன்னதா பின்னதா என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. எது போனாலும் மிஞ்சுவது ஒன்றே. முன்னது போனதாக வைத்து 185 என்று சிலரும், பின்னது போனதாக வைத்து 187 என்று சிலரும் எழுதினார்கள். அந்த எண்களும் புரதம் தொடங்குமிடத்திலிருந்து எண்ணியவை அல்ல. அதற்கு 119 எழுத்துகள் முன்னாலிருந்து எண்ணியவை. புதிய விதிப்படி அது 68, 69ஆம் எழுத்துகளின் நீக்கம், அவ்வளவே, விவாதத்துக்கு இடமில்லை. யூதர்களுள் ஒரு பிரிவினரிடம் பிரசித்தமான இந்த மாற்றம் தென்னிந்தியரிடமும் காணப்படுவதைச் சென்னையிலும், பிற்பாடு இங்கே இந்திய அறிவியல் கழகத்துச் சோமசுந்தரமும் கித்வாய் புற்றுநோய் நிலையத்தாரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியிலும் எழுதியிருக்கிறார்கள்; 2009இல் வெளிவந்த பெங்களூர்க் கட்டுரையின் தலைப்பிலேயே அந்த 185 இடம்பெற்றிருக்கிறது. இன்றைக்கும் புற்றுநோய் மருத்துவர்கள் வாயில் அந்த எண்தான் வருகிறது. அதே மரபணுவில் எக்ஸான்கள் எனப்படும் செய்திப் பகுதிகளை எண்ணிக்கொண்டு போனால் மூன்றுக்குப் பிறகு ஐந்து வரும். நான்காவது என்று முதலில் குறித்தது பிசகென்று தெரிந்து நீக்கப்பட்டது, மற்றவற்றின் எண்களை மாற்றவில்லை.

கணினி வந்து எல்லாவற்றையும் நேராக்கிவிட்டது என்று நினைக்கவும் முடியாது. வரிசையை வாசிக்கும் யந்திரங்களோடு வரும் கோப்புகள் அதே நீக்கத்தை இடக்கோடியில் வைத்து எழுதும் வழக்கமுடையவை. நம் விதியோ மரபணு ஓடும் திசையின் கடைக்கோடியில் வைக்கச் சொல்கிறது. பி.ஆர்.சி.ஏ.-1 எதிர் இழையில் இருப்பதால் இரண்டும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. நேர் இழையிலிருக்கும் பி.ஆர்.சி.ஏ.-2இல் ஒத்துப்போவதில்லை. இதைச் சரிபார்க்க லைடன்காரர்களின் மியூட்டலைசர் முதலான கருவிகள் இருக்கின்றன. பெயரைக் கையால் தட்டிவிட்டு அவற்றில் இட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட்டை வெளியே விடக்கூடாது என்பதை என்னிடம் பயின்றவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். கழித்தல் குறியை நீண்ட கோடாகத் தானே மாற்றிவிடும் எழுத்துச் செயலியும், ஓர் எழுத்து இன்னொன்றாவதைக் காட்டும் கூர்முனைக் குறியை (>) விழுங்கிவிடும் செய்திப் பலகையும், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அவசரத்தில் மறுபடி தட்டப்படும் எண்களும் விளைவிக்கும் சேதம் கொஞ்சமல்ல. எக்செல் சில மரபணுக்களின் பெயர்களைத் தேதிகளாக மாற்றிவிடுகிறது என்பதற்காக 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று என்றால் பிறகு என்ன சொல்வது.

புரதத்தில் என்ன ஆகும் என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும் என்றொரு விதி உண்டு. டி.என்.ஏ.வை மட்டும் பார்த்துவிட்டுப் புரதம் இப்படித்தான் மாறியிருக்கும் என்று ஊகிக்கிறோம். ஊகம் என்பதற்கு அந்த அடைப்புக்குறி சாட்சி. பலர் அதை வீண் சம்பிரமம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கோ, கண்டதையும் கருதியதையும் பிரித்துக் காட்டும் நேர்மை இரண்டு சிறு வளைவுகளில் அடங்கியிருப்பது வணங்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

பெயர் ஒழுங்காக இருந்தால் மட்டும் போதாது; அது பொதுவில் வந்து சேரவேண்டும். ஹீமோகுளோபின்களுக்கு ஊர்ப்பெயர் இட்ட காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் கண்டதற்கு டி-லாஸ் ஏஞ்சலிஸ் என்றும், பஞ்சாபில் கண்டதற்கு டி-பஞ்சாப் என்றும் பெயர் விழுந்தது. பீட்டா சங்கிலியின் 121ஆம் இடத்தில் இரண்டும் ஒரே மாற்றம் என்பது பின்னரே தெளிந்தது. இன்று அமெரிக்காவில் 2013 முதல் இயங்கும் கிளின்வாரும், லைடனின் எல்.ஓ.வி.டி.யும் இத்தகைய இரட்டிப்பைத் தவிர்க்கும் பொதுக் களஞ்சியங்கள். ஒரு மாற்றம் வியாதியைத் தருமா, தராதா, தீர்மானிக்க இயலாததா என்று 2015இல் வகுக்கப்பட்ட ஐந்து படிகளில் எதில் வைப்பது என்பதற்கு, அதே மாற்றத்தை வேறு யார் யாரிடம் கண்டார்கள் என்பதே முதல் ஆதாரம். ஐரோப்பியரிடம் அரிதாயிருந்து நம்மவரிடம் சாதாரணமாயிருப்பதை, நம்மவர் பதிவுகள் இல்லாத களஞ்சியத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு அறிவாளியாலும் நிதானிக்க முடியாது. இதயத் தசை நோயோடு தொடர்புடையதாகப் பெருந்துறை தண்டபாணி, தங்கராஜ் முதலானோர் 2009இல் வெளியிட்ட மாற்றம், தெற்காசியரில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பது. அதை அந்நாளில் '25 எழுத்து நீக்கம்' என்றே அழைத்தோம். எவ்வளவு நீங்கியது என்பது அதில் இருக்கிறது, எங்கே நீங்கியது என்பது இல்லை. எம்.ஒய்.பி.பி.சி.-3 மரபணுவில் 3628-41 முதல் 3628-17 வரை என்று எழுதினாலோ எந்த நாட்டவரும் அதைத் தம் தொகுப்பில் தேடி எடுத்துவிடலாம். 41இலிருந்து 17 வரை எண்ணினால் அந்த 25உம் தானே வந்துவிடுகிறது.

நம் நாட்டிலும் இப்போது நிலைமை தேறிவருகிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையத்தின் ஒருங்கிணைப்பில் 20 நிலையங்கள் சேர்ந்து சுமார் 10,000 இந்தியரின் முழு மரபணுத் தொகுதியை வாசித்து, 2025 ஜனவரியில் ஃபரீதாபாத் தகவல் மையத்தில் ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களின் கணக்கு. நோயாளிகளின் மாற்றங்களோ ஒவ்வொரு கூடத்தின் அலமாரியிலும் அந்தந்தக் கூடத்தின் வழக்கப்படி எழுதப்பட்டு அடைந்து கிடக்கின்றன. அவற்றைப் பெயர் நீக்கி, முறைப்படி மாற்றியெழுதி, பொதுவில் சேர்ப்பதற்கு ஒவ்வொரு கூடமும் ஓர் ஆளையாவது முழுநேரமும் நியமிக்கவேண்டும். அந்தச் சம்பளத்தை வீண் செலவென்று கருதும் நிர்வாகிகளிடம் நான் பலமுறை மன்றாடியிருக்கிறேன், இனியும் மன்றாடுவேன்.

பழைய பெயர்களை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று வாதிப்பவர்களோடு மட்டும் நான் உடன்படுவதில்லை. முறையான பெயர் ஒன்றே ரிப்போர்ட்டின் பிரதான வரியில் இருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜோகுபாளையத்துப் பீரோவுக்குள் இருப்பது இருபது வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட். நாளைக்குச் சித்தி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது அதைத்தான் எடுத்துவருவார்கள். ஆகவே பிரதான வரிக்குக் கீழே, முன்னாளில் இன்ன பெயரால் வழங்கியது என்று ஒரு குறிப்பு இருக்கவேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால் கிராமத்து டாக்டருக்கும் நகரத்து நிபுணருக்கும் ஒரே விஷயம் விளங்கும். தொகுப்பில் சேர்க்கும்போது மட்டும் அதை விட்டுவிடலாம்.

ஆல்ஃபா தலசீமியாவில் ஒன்று மட்டும் இன்னும் முறைக்குள் முழுதாக அடங்காமல் நிற்கிறது. ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு ஆல்ஃபா மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், அவை ஒன்றோடொன்று பிசகி இணைந்து 3.7 கிலோபேஸ் நீளம் நீங்கிவிடுகிறது. இந்தியாவில் இது மிகச் சாதாரணம். வெட்டுண்ட இடத்தின் இருபுறமும் எழுத்துகள் ஒன்றுபோலிருப்பதால், வெட்டு சரியாக எந்த எழுத்தில் விழுந்தது என்று நிர்ணயிக்க இயலாது. நீண்ட இழைகளை ஒரே ஓட்டத்தில் வாசிக்கும் புதிய யந்திரங்களுக்கும் அந்த ஒன்றுபோன்ற பகுதிக்குள் அடையாளம் கிடைப்பதில்லை. நிச்சயமற்ற எல்லைகளை அடைப்புக்குறியிட்டு எழுத விதி இடம் தருகிறது. ஆனால் அப்படி எழுதிய நீண்ட பெயரை வார்டில் ஒருவரும் வாசிப்பதில்லை, இரண்டு கூடங்கள் எழுதியவை ஒன்றாக இருப்பதுமில்லை. எனவே அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் ஆல்ஃபா 3.7 என்ற பழைய பெயரையே முதல் வரியில் வைத்து, முறையான பெயரை இரண்டாம் வரியில் எழுதி, கேப்-பி.சி.ஆர். போன்ற எந்தச் சோதனையால் கண்டோம் என்பதை மூன்றாம் வரியில் சேர்த்து வருகிறேன்.